பிள்ளைகளைக் குகைக்கு அழைத்துச் செல்லுமுன்

 

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், கண்டமங்கலத்தில் மாலை நேர மதரஸா முடிந்து பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு தாயார் காத்திருந்தார். அவர் கையில் நான் மகனிடம் கொடுத்தனுப்பியிருந்த தாள் இருந்தது. பெரிய வகுப்பு மாணவர்களை ஆந்திர மாநிலத்திலுள்ள பெலும் குகைகளுக்கு அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறோம், சம்மதமுள்ள பெற்றோர் கையொப்பமிட்டு அனுப்பவும் என்பது அதன் சாரம். கையொப்பத்திற்காக விட்டிருந்த கோடு வெறுமையாகவே இருந்தது.

"ஹஜ்ரத், குர்ஆன் ஓதத்தானே பிள்ளையை அனுப்புறோம். எதுக்குப் பூமிக்கு அடியில கூட்டிட்டுப் போகணும்? ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா யார் பதில் சொல்றது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பிள்ளையைப் பெற்றவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். அந்தத் தாயாருக்கு அன்று சொன்னவற்றையும், சொல்ல நேரமில்லாமல் போனவற்றையும் சேர்த்து உங்கள் முன் வைக்கிறேன். பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அனுப்பும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதில் ஏதேனும் ஒன்று பயன்படலாம்.

அதற்கு முன், என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

எண்ணப்படாத ஒரு தலை

சில ஆண்டுகளுக்கு முன், பதினான்கு மாணவர்களைச் செஞ்சிப் பக்கத்துப் பாறைக் குன்று ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். யானை யானையாகக் கற்கள் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும் குன்று. அக்கற்களுக்கு இடையே மனிதர் நுழையக்கூடிய இடுக்குகள் உண்டு. பிள்ளைகளுக்கு அவையெல்லாம் குகைகள்தாம். பதினான்கு பேருக்கு இரண்டு டார்ச் விளக்குகள் எடுத்துச் சென்றிருந்தோம். பெயர்ப் பட்டியல் எதுவும் என்னிடம் இல்லை. எல்லாம் எனக்குத் தெரிந்த முகங்கள்தாமே என்று எண்ணியிருந்தேன்.

புறப்படும் வேளையில், "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டேன். "வந்தாச்சு ஹஜ்ரத்" என்று கூட்டமாகக் குரல் எழுந்தது. வேன் கிளம்பிவிட்டது. வழியில் ஒரு பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்காக இறங்கி வரிசையில் நின்றோம். அப்போது ஒரு சிறுவன் தன் தோளருகே இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, எப்போதும் தன் பக்கத்தில் நிற்கும் நண்பனைக் காணோம் என்றான். அதன் பிறகுதான் எண்ணினேன். பதின்மூன்று.

குன்றுக்குத் திரும்பிச் சென்ற அந்த வழியை இன்றும் என்னால் அமைதியாக நினைத்துப் பார்க்க இயலவில்லை. பதினொரு வயதுப் பிள்ளை ஓர் இடுக்கின் உள்ளே, காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வௌவால்களைப் பார்க்கப் பின்தங்கியிருக்கிறான். டார்ச் அணைந்துவிட்டது. இருட்டில் தடவிக்கொண்டு நடக்காமல் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டான். அவன் உயிரைக் காத்தது அந்தப் புத்திதான். "நீங்க எண்ணிப் பார்ப்பீங்கன்னு தெரியும் ஹஜ்ரத், அதான் நகராம உட்கார்ந்திருந்தேன்" என்றான்.

நானோ எண்ணவில்லை. அவன் என்மீது வைத்த நம்பிக்கைக்கு நான் தகுதியாக இருக்கவில்லை.

மறுநாள் அவனுடைய அத்தா வந்தார். கோபப்படவில்லை. "எத்தனை பேர் உள்ளே போனாங்கன்னு எங்கேயாவது எழுதி வெச்சிருந்தீங்களா ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சுற்றி நின்றவர்கள், "விடுங்க பாய், அல்லாஹ் காப்பாத்திட்டான்" என்றார்கள். அல்லாஹ்தான் காப்பாற்றினான். அதில் ஐயமில்லை. ஆனால் அந்த உண்மையைச் சொல்லி என் அலட்சியத்தை மூடிக்கொள்ள எனக்கு உரிமை உண்டா? அன்று முதல் என்னைக் குடைந்துகொண்டிருக்கும் கேள்வி இது.

தவ்ர் குகையின் பாடம்

விடை தேடி நான் நெடுந்தூரம் போகத் தேவைப்படவில்லை. ஆண்டுதோறும் ஹிஜ்ரத்தைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன்தான் நான். அந்த வரலாற்றையே மறுபடி படித்தேன்.

தவ்ர் குகையில் நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களும் மூன்று இரவுகள் தங்கியதை நாம் எல்லோரும் அறிவோம். எதிரிகள் குகை வாசல் வரை வந்தபோது பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய அசையாத நம்பிக்கையைப் பற்றிப் பயான்களில் கேட்டுக் கண் கலங்கியிருக்கிறோம். அந்த நம்பிக்கைக்கு முன்னும் பின்னும் எத்தனை ஏற்பாடுகள் செய்யப்பட்டிருந்தன என்பதை எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

பயணத்திற்கான இரண்டு ஒட்டகங்களை அபூபக்ர் (ரலி) அவர்கள் நான்கு மாதங்களுக்கு முன்பிருந்தே தீனி போட்டு வளர்த்து வந்தார்கள். மதீனா இருப்பது மக்காவுக்கு வடக்கே. தவ்ர் மலையோ தெற்கே. தேடுகிறவர்கள் வடதிசையில் ஓடட்டும் என்பதற்காகவே தென்திசை தேர்ந்தெடுக்கப்பட்டது. அபூபக்ர் (ரலி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் பகலெல்லாம் மக்காவில் குறைஷியரின் பேச்சைக் கேட்டுவிட்டு, இருட்டியதும் குகைக்கு வந்து செய்தி சொல்வார். விடியுமுன் ஊர் திரும்பிவிடுவார். ஆமிர் பின் ஃபுஹைரா (ரலி) அவர்கள் மாலையில் ஆடுகளை அப்பக்கம் ஓட்டி வந்து பால் கொடுப்பார்கள். அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடைக்கச்சையை இரண்டாகக் கிழித்து வழியுணவைக் கட்டித் தந்தார்கள். வழிகாட்டியாக அமர்த்தப்பட்ட அப்துல்லாஹ் பின் உரைகித் அப்போது முஸ்லிம் அல்லர். ஆனால் பாலைவனப் பாதைகளை நன்கு அறிந்தவர், நம்பத் தகுந்தவர். மூன்று இரவுகள் கழிந்ததும் ஒட்டகங்களுடன் வந்து சேரவேண்டும் என்று அவரிடம் முன்கூட்டியே நாள் குறித்துச் சொல்லப்பட்டிருந்தது. மக்காவிலோ, மக்கள் ஒப்படைத்திருந்த அமானிதப் பொருட்களை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அலீ (ரலி) அவர்களிடம் விடப்பட்டிருந்தது.

அல்லாஹ் காப்பாற்றுவான் என்பதை அவர்களைவிட உறுதியாக நம்பியவர் யார்? ஆயினும் அவர்கள் உணவுக்கு ஒருவர், செய்திக்கு ஒருவர், வழிக்கு ஒருவர், திரும்பும் நாளுக்கு ஒரு கணக்கு என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கவேண்டும் என்று நாம் பிறருக்குச் சொல்கிறோமே, அதன் செயல் விளக்கம் தவ்ர் குகை. நானோ அந்தக் குன்றில் ஒட்டகத்தைக் கட்டவேயில்லை.

மலை எவ்வாறு குடைபடுகிறது?

நான் கலைப் பட்டதாரி. பாறைகளைப் பற்றி முறையாகப் படித்தவன் அல்லன். கேட்டும் படித்தும் அறிந்துகொண்டதை எளிமையாகச் சொல்கிறேன்.

நம் விழுப்புரம் வட்டாரத்தில் பல்லவன் மகேந்திரவர்மன் குடைவித்த மண்டகப்பட்டுக் குகை இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு ஏதுமின்றி அதனைச் செய்வித்ததாக அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. அது உளியால் பிறந்த குகை. திருக்கோவிலூர்ச் சாலையிலுள்ள கீழ்வாலையில் பழங்கால மனிதர்கள் செந்நிறத்தில் ஓவியம் தீட்டிய பாறைகள் உள்ளன. அவை வெயில் மழைக்கு ஒதுங்கும் பாறை மறைவுகள். நம் பகுதி மலைகள் கடினமான பாறையால் ஆனவை. நீர் அவற்றை எளிதில் கரைப்பதில்லை. ஆகவே இங்கு இயற்கையான ஆழ்குகைகள் இல்லை.

ஆழ்குகை பிறப்பதற்குச் சுண்ணாம்புப் பாறை வேண்டும். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று, மிக மெல்லிய அமிலமாக மாறுகிறது. அந்த நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி, பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. வெடிப்பு வாய்க்காலாகிறது. வாய்க்கால் சுரங்கமாகிறது. நீர் கீழ்மட்டத்துக்கு இறங்கிய பின், மேலே இருந்த வழி வெறும் குகையாக நிற்கிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர் தன்னிடமுள்ள சுண்ணாம்பை விட்டுவிட்டுப் போக, மேலிருந்து தொங்கும் கல் விழுதுகளும் கீழிருந்து எழும்பும் கல் தூண்களும் உருவாகின்றன. ஒரு துளி நீரைக் கொண்டு ஒரு மலையைக் குடையும் இறைவனின் ஆற்றலை நேரில் பார்க்கும் பிள்ளை, அதைப் பாடமாக மட்டும் கேட்கும் பிள்ளையைவிட ஆழமாக உணர்வான். அந்தத் தாயாரின் முதல் கேள்விக்கு என் விடை இதுவே.

அப்படிப்பட்ட இடங்களுள் நமக்கு ஓரளவு அருகில் இருப்பது பெலும். ஆந்திர மாநிலம் நந்தியால் மாவட்டத்தில், கோலிமிகுண்ட்லாவுக்கு அருகே உள்ளது. சென்னைப் பல்லாவரத்தில் 1863இல் கற்காலக் கருவியைக் கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற ஆய்வாளரே 1884இல் இக்குகையைப் பற்றியும் குறித்து வைத்தார். 1982, 1983ஆம் ஆண்டுகளில் டேனியல் கெபாவர் தலைமையில் வந்த ஜெர்மானியக் குழு இதனை விரிவாக அளந்தது. மொத்த நீளம் 3,229 மீட்டர். அதில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ மீட்டர் தூரம் பொதுமக்கள் நடந்து பார்க்கலாம். பாதாள கங்கை என்னும் இடம் 46 மீட்டர் ஆழத்தில் உள்ளது. 2002 முதல் சுற்றுலாத் துறையின் பொறுப்பில் விளக்குகளும் நடைபாதையும் அமைந்து, மக்கள் சென்று வரும் இடமாக விளங்குகிறது.

ஆல்ப்ஸ் மலையில் மாணவர்கள்

உலகில் மாணவர்களே திட்டமிட்டு ஆழ்குகைகளை ஆராயும் நாடுகளும் உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் 1976 முதல் கோடைகளில் ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலைக்குச் சென்று குகைகளை ஆராய்ந்து வருகிறார்கள். லண்டன் இம்பீரியல் கல்லூரி மாணவர்கள் 1994 முதல் ஸ்லோவேனியாவின் மிகோவெட்ஸ் மலையில், தோல்மின் என்னும் உள்ளூரின் குகை ஆய்வாளர்களோடு கைகோத்துப் பணியாற்றினார்கள். தனித்தனியாக அறியப்பட்டிருந்த குகைகள் உள்ளுக்குள் ஒன்றே என்று படிப்படியாகத் தெரியவந்தது. இன்று அது 30 கிலோ மீட்டருக்கும் அதிக நீளமும் 900 மீட்டருக்கும் அதிக ஆழமும் கொண்ட ஒரே குகைத் தொகுதி.

900 மீட்டர் ஆழம் என்றால் என்ன? நம் ஊர்க் கிணறுகளை ஒன்றின் கீழ் ஒன்றாகப் பல பத்துக் கணக்கில் அடுக்கிப் பாருங்கள். அந்த ஆழத்தின் பல பகுதிகளில் கயிற்றில் இறங்கிக் கயிற்றிலேயே ஏற வேண்டும். உள்ளே உறைநிலைக்குச் சற்று மேலான குளிர். மேலே இடிமழை பெய்தால் உள்ளே அருவி பெருகும். ஆகவே அந்த மாணவர்களின் பயணம் மலையில் தொடங்குவதில்லை. கோடைக்குப் பல மாதங்களுக்கு முன்பே, தங்கள் ஊரில், ஒரு மேசையைச் சுற்றி உட்காரும்போதே தொடங்கிவிடுகிறது.

அவர்கள் எதையெல்லாம் திட்டமிடுகிறார்கள் என்று பாருங்கள். புதிதாகச் சேர்ந்த மாணவர் நேரே ஆல்ப்ஸுக்குப் போவதில்லை. முதலில் சொந்த நாட்டின் சிறு குகைகளில் பழகவேண்டும். கயிற்றில் ஏறி இறங்கும் முறையை வெளிச்சத்தில், மரத்திலோ சுவரிலோ கற்றுத் தேறவேண்டும். அந்நாட்டு அரசின் அனுமதி, காப்பீடு, மீட்புக் குழுவின் தொடர்பு ஆகியவற்றை முன்னரே பெற்றாக வேண்டும். எத்தனை மீட்டர் கயிறு, எத்தனை நாள் உணவு என்று பட்டியல் போடவேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு விளக்குக்கு மேல் மாற்று விளக்குகள் வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் என் நெஞ்சைத் தொட்டது முகாமில் இருக்கும் ஒரு சாதாரணக் குறிப்பேடு. குகைக்குள் இறங்குகிறவர்கள் அதில் தங்கள் பெயரையும், எந்தக் குகைக்குப் போகிறோம் என்பதையும், எத்தனை மணிக்குள் திரும்புவோம் என்பதையும் எழுதிவிட்டே இறங்க வேண்டும். குறித்த மணி தாண்டியும் அவர்கள் வராவிட்டால், மேலே இருப்பவர்கள் 'வந்துவிடுவார்கள்' என்று காத்திருப்பதில்லை. உடனே தேடப் புறப்படுகிறார்கள். திரும்பி வந்தவர் எவ்வளவு களைத்திருந்தாலும், தாம் வந்துவிட்டதை முதலில் தெரிவித்துவிட்டுத்தான் படுக்கச் செல்ல வேண்டும்.

என் மாணவனின் தந்தை கேட்டது இந்தக் குறிப்பேட்டைத்தான். பின் உரைகித்திடம் 'மூன்று இரவுகள்' என்று குறித்துச் சொன்னதும் இதே ஒழுங்குதான்.

இரண்டு நிகழ்ச்சிகள்

திட்டமிட்டால் ஆபத்தே வராது என்று நான் சொல்லவில்லை. வரும் ஆபத்தைத் தாங்கும் வலிமையை அது தரும். இதற்கு துருக்கியில் நடந்த ஒரு நிகழ்ச்சி சான்று.

துருக்கியின் மெர்சின் மாகாணத்தில் தர்சூஸ் என்னும் ஊர் உள்ளது. குகைத் தோழர்கள் உறங்கிய குகை என்று மக்கள் நம்பிச் சென்று காணும் இடங்களுள் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அதே மாகாணத்தின் தோரோஸ் மலைத் தொடரில் மோர்ஜா என்ற ஆழ்குகை உண்டு. 2023 செப்டம்பரில் அமெரிக்கரான மார்க் டிக்கி, அதனுள் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஆழத்தில் திடீரென வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்பட்டு வீழ்ந்தார். அவர் தனியாக இல்லை. உடனிருந்தவர்கள் மேலே செய்தி அனுப்பினார்கள். துருக்கியரோடு ஹங்கேரி, இத்தாலி, குரோஷியா, போலந்து, பல்கேரியா முதலிய நாடுகளின் மீட்பர்கள் வந்து சேர்ந்தார்கள். மருத்துவர்கள் கயிற்றில் இறங்கி, குகைக்குள்ளேயே இரத்தம் ஏற்றினார்கள். குறுகிய வழிகளை அகலப்படுத்தி, தூக்குப் படுக்கையில் படிப்படியாக உயர்த்தி, செப்டம்பர் 12ஆம் தேதி அதிகாலையில் அவரை உயிருடன் வெளியே கொண்டு வந்தார்கள். மதமும் மொழியும் நாடும் கேட்காமல் ஓர் உயிரைக் காக்க அவ்வளவு பேர் இருட்டுக்குள் இறங்கினார்கள்.

மற்றொன்று தாய்லாந்தில் நடந்தது. 2018 ஜூன் 23ஆம் தேதி கால்பந்துப் பயிற்சி முடிந்த பின், பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களது துணைப் பயிற்சியாளரும் தாம் லுவாங் குகைக்குள் போனார்கள். அப்பகுதியில் மழைக்காலம் நெருங்கியிருந்தது. மழை பெய்து வழி நீரில் மூழ்கியது. அவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்பதற்கு அடையாளமாகக் குகை வாசலில் மிதிவண்டிகளும் பைகளும் கிடந்தன. ஜூலை 2ஆம் தேதிதான் அவர்கள் உயிரோடிருப்பது தெரிந்தது. ஜூலை 10ஆம் தேதிக்குள் அத்தனை பேரும் மீட்கப்பட்டார்கள். ஆனால் அந்தப் பணியில் சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் உயிர் துறந்தார். யாரோ பெற்ற பிள்ளைகளுக்காகத் தம் உயிரைத் தந்த மனிதர்.

அச்சிறுவர்களைக் குறை கூற எனக்கு வாயில்லை. நானும் எண்ணாமல் வேன் ஏறியவன். ஆனால் 'எந்தக் காலத்தில் போகக்கூடாது' என்ற கேள்வியின் கனத்தை அவர்கள் நமக்குக் கற்றுத் தந்தார்கள். நம் நாட்டில் மிக நீண்ட குகைகள் மேகாலயாவில் உள்ளன. அங்கே 1992 முதல் குழுக்கள் ஆராய்ந்து வருகின்றன. மழைக்குப் பெயர் பெற்ற அந்த மலைகளில் அவர்கள் இறங்குவது மழையில்லாத பிப்ரவரி மாதத்தை ஒட்டித்தான்.

தமிழ்நாட்டிலும் பாடம் இருக்கிறது. 2006இல் கேரளத்தின் மஞ்ஞும்மல் பகுதியிலிருந்து கொடைக்கானலுக்கு வந்த இளைஞர்களில் ஒருவர், தடை செய்யப்பட்ட குணா குகைப் பகுதியின் பள்ளத்தில் விழுந்தார். நண்பர் ஒருவர் கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார். 2024இல் வெளிவந்த திரைப்படத்தால் அந்த நட்பை ஊரே மெச்சியது. மெச்சத் தக்கதுதான். ஆனால் நம் பிள்ளைகள் அந்த வீரத்தோடு, அங்கிருந்த தடுப்பு வேலியையும் நினைவில் வைக்கவேண்டும்.

எங்கள் திட்டம்

இவற்றையெல்லாம் உட்கொண்டு, பெற்றோர்கள், மூத்த மாணவர்கள் ஆகியோருடன் மஷ்வரா செய்து நாங்கள் வகுத்துள்ள ஏற்பாடுகளைச் சொல்கிறேன். இது ஆழ்குகை ஆராய்ச்சி அன்று. விளக்கும் நடைபாதையும் உள்ள குகையில் நடந்து வருவதே. ஆனால் நல்ல பழக்கத்தைச் சிறிய பயணத்தில்தான் கற்கவேண்டும்.

முதலாவதாக, படிப்படியாகப் போவது. முதல் பயணம் திருவக்கரைக்கு. நம் ஊரிலிருந்து வெகு தொலைவில்லை. ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய, கல்லாகிப்போன மரங்கள் அங்கே தேசியப் பூங்காவில் பாதுகாக்கப்படுகின்றன. வெட்டவெளியில், பகல் வெளிச்சத்தில், எண்ணும் பழக்கத்தையும் வரிசையாக நடக்கும் பழக்கத்தையும் அங்கே கற்போம். அடுத்தது மண்டகப்பட்டும் கீழ்வாலையும். அவை இரண்டிலும் ஒழுங்காக நடந்துகொண்டவர்களுக்கே பெலும்.

இரண்டாவதாக, பொறுப்பு. மூவர் பயணம் போனாலும் ஒருவரை அமீராக்கிக் கொள்வது நம் வழிமுறை. எங்கள் குழுவில் ஐந்து மாணவர்களுக்கு ஒரு பெரியவர். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருபவருக்குப் பின்னால் எவரும் இருக்கக்கூடாது. உள்ளே நுழையும்போதும், ஒவ்வொரு திருப்பத்திலும், வெளியே வந்ததும் எண்ணுவது. 'எல்லாரும் வந்தாச்சா' என்று பொதுவாகக் கேட்பதில்லை. பெயர் சொல்லி அழைப்பது.

மூன்றாவதாக, பொருள். ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு டார்ச், பெரியவர்களிடம் மாற்று டார்ச்சும் பேட்டரிகளும். பெலும் குகையினுள் குளிர் இராது. வெப்பமும் புழுக்கமும்தான் அதிகம். ஆகவே பருத்தி உடை, வழுக்காத காலணி, குடிக்கத் தண்ணீர். ஆஸ்துமா போன்ற நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஆலோசனைப்படி மட்டுமே. மூச்சு வாங்கினாலோ தலை வலித்தாலோ வெட்கப்படாமல் உடனே சொல்ல வேண்டும். சொன்னவருடன் ஒரு பெரியவர் உடனே வெளியேறுவார்.

நான்காவதாக, குகைக்கு நாம் செலுத்த வேண்டிய மரியாதை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் வளர்ந்த கல் விழுதை ஒடித்து வீட்டுக்குக் கொண்டு வருவது திருட்டுக்கு ஒப்பானது. சுவரில் பெயர் எழுதக்கூடாது. வௌவால்களைத் துன்புறுத்தக்கூடாது. அவற்றின் எச்சத்தைக் கிளறவும் கூடாது. அதில் வளரும் ஒருவகைப் பூஞ்சை நுரையீரலைத் தாக்கக்கூடியது.

ஐந்தாவதாக, வழி. விழுப்புரத்தில் ரயிலேறி, திருவண்ணாமலை, காட்பாடி, ரேணிகுண்டா, கடப்பா மார்க்கமாக மாறிச் சென்று தாடிபத்ரியில் இறங்கலாம். அங்கிருந்து குகை சுமார் 30 கிலோ மீட்டர். பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பிலுள்ள கண்டிக்கோட்டையும் அதன் பழமையான ஜாமிஆ மஸ்ஜிதும் அதே வட்டாரத்தில்தான் உள்ளன. மழை ஓய்ந்த பிறகு, தேர்வுகளுக்கு இடையூறில்லாத விடுமுறையில் புறப்படுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

'பெண் பிள்ளைகள்?' என்று ஒரு சகோதரி கேட்டார். தவ்ர் மலைக்கு உணவு ஏற்பாடு செய்த அஸ்மா (ரலி) அவர்கள் அப்போது கருவுற்றிருந்தார்கள் என்பதை அவருக்கு நினைவூட்டினேன். நம் மார்க்க ஒழுங்குகளைப் பேணி, தாய்மாரும் உடன் வரும் குடும்பப் பயணமாக இரண்டாவது பயணத்தை அமைக்க எண்ணியுள்ளோம். இறைவனின் படைப்பைக் கண்டு சிந்திக்கும் கடமை ஆண்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று.

மணி எத்தனை?

அந்தத் தாயாருக்கு அன்று இவ்வளவும் விளக்க நேரம் கிடைக்கவில்லை. என் தவறை மறைக்காமல் சொன்னேன். தவ்ர் குகையைச் சொன்னேன். குறிப்பேட்டைக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகனை அனுப்பமாட்டார் என்றே நினைத்தேன். அனுப்பாவிட்டாலும் அவர்மீது குறையில்லை. குகை வாசலைப் பாறை அடைத்துக்கொண்ட மூவரைப் பற்றிய ஹதீஸை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர்களில் முதலாமவர் தம் பெற்றோருக்குச் செய்த பணிவிடையை முன்வைத்தே துஆ செய்தார். பாறை சிறிது விலகியது. பெற்றோரின் மனத்தை நோகடித்துவிட்டு ஒரு பிள்ளை காணவேண்டிய குகை உலகில் எங்கும் இல்லை.

அடுத்த வாரம் அவர் மீண்டும் வந்தார். "கையெழுத்துப் போடுறேன் ஹஜ்ரத். ஒரு கண்டிஷன். வெளியே வந்ததும் எனக்கு போன் பண்ணணும். எத்தனை மணிக்குப் பண்ணுவீங்கன்னு இப்பவே சொல்லுங்க. அந்த மணி தாண்டிட்டா நான் அங்கே ஆபீஸுக்கே போன் போட்டுடுவேன்" என்றார்.

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. பல்கலைக்கழக மாணவர்கள் ஆல்ப்ஸ் மலைமுகாமில் கடைப்பிடிக்கும் விதியை, மலையையே காணாத நம் ஊரில் ஒரு தாய் தன் மனத்திலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டார். பிள்ளையின் மேல் உள்ள அக்கறையே அவருக்கு அதைக் கற்றுக் கொடுத்திருக்கிறது.

குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், அவர் மகனின் பெயருக்கு நேராக, 'பிற்பகல் 1 மணி' என்று எழுதினேன். அதற்குக் கீழே அவர் கையொப்பமிட்டார்.

அன்று இடுக்கில் உட்கார்ந்திருந்த அந்தப் பதினொரு வயதுச் சிறுவன் இன்று கல்லூரி மாணவன். பெலும் பயணத்தில் வரிசையின் கடைசி ஆளாக நான் வருகிறேன் என்று அவனே முன்வந்திருக்கிறான்.

உங்கள் பிள்ளைகள் குகைக்கோ, கடற்கரைக்கோ, அணைக்கட்டுக்கோ, எங்கு சுற்றுலா சென்றாலும், அழைத்துச் செல்பவரிடம் இந்த மூன்றைக் கேளுங்கள்: பெயர்ப் பட்டியல் எங்கே? கடைசியில் வருபவர் யார்? எத்தனை மணிக்குத் தகவல் வரும்? கேட்பதற்குச் சங்கடப்படாதீர்கள். கேட்கப்படுகிறவரும் வருந்த வேண்டாம். நம் கையில் தரப்பட்ட அமானிதத்தைப் பற்றி மறுமையில் இதைவிடக் கடுமையாகக் கேட்கப்படவிருக்கிறது.

முறையாக எண்ணி, எழுதி, ஏற்பாடு செய்த பின் கையேந்துவோம். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளை வெளிச்சத்திலும் இருளிலும் பாதுகாப்பானாக! ஆமீன்.